ஃபிராங்ஃபர்ட்டில் ஒரு மாதம்: அந்த ஊர்க்காரர்களைப் போல இருப்பது எப்படி?

கரூரில் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சனவரி மாதம் முழுவதும் அவர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் இருக்கப் போகிறார். இரண்டாவது வாரத்தில் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டு உபயோக ஜவுளிக் கண்காட்சி. மற்ற நாள்களில் பையரின், அதாவது சரக்கை வாங்கும் நிறுவனத்தின், அலுவலகத்தில் வேலை. சுற்றுலா வந்தவராக இல்லாமல், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் எப்படி இருக்கிறார்களோ அப்படி இருந்து பார்க்க விரும்புகிறார். அதற்கு என்ன செய்ய வேண்டும், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத இடங்கள் எவை, மொழிக்கு என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள். பல ஆண்டுகளாகச் சனவரியில் அந்த ஊருக்குப் போய்வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தம்பி, இடங்களைப் பற்றிய கேள்வியை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். எல்லோருக்கும் தெரிந்த இடங்களுக்குப் பதிலாக யாருக்கும் தெரியாத பத்து இடங்களைப் போய்ப் பார்த்தாலும், நீங்கள் செய்தது சுற்றிப் பார்த்ததாகவே இருக்கும். ஓர் ஊரில் குடியிருப்பவருக்கு அங்கே வேலை இருக்கிறது. அரிசி தீர்ந்தால் வாங்க வேண்டும், குப்பையைப் பிரித்துப் போட வேண்டும், எந்தக் கிழமையில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும், போன வாரம் பார்த்த முகத்தை இந்த வாரமும் பார்க்க வேண்டும். இந்த வேலைகளை நீங்களும் ஏற்றுக்கொண்டால் ஊர் தானாகவே பிடிபடும். குறிப்பாக, கிழமைக் கணக்கைப் பிடித்துக்கொள்வதுதான் ஊருக்குள் நுழைவதற்கு நான் கண்ட நேரான வழி.

இது கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயமே அன்று. புளியம்பட்டிச் சந்தைக்கு வியாழக்கிழமை, ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை என்று கிழமையை வைத்தே ஊரை அறிந்து வளர்ந்தவர்கள் நாம். ஃபிராங்ஃபர்ட்டும் அப்படிப்பட்ட ஒரு சந்தை ஊர்தான். அங்கே கூடும் சந்தைக்கு வந்துபோகும் வணிகர்களுக்குப் பாதுகாப்பு அளித்துப் பேரரசர் இரண்டாம் ஃபிரீட்ரிக் ஆணை வழங்கியது 1240ஆம் ஆண்டில். 1971 முதல் நடந்துவரும் ஹைம்டெக்ஸ்டிலும், நம்மவர்கள் படுக்கை விரிப்பையும் திரைச்சீலையையும் சமையலறைத் துணியையும் கொண்டுபோய் விரிக்கும் அந்த அரங்குகளும், எண்ணூறு ஆண்டுப் பழமையுடைய அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி என்றே நான் கருதுகிறேன். பெரிய சந்தையைப் பார்த்துவிட்டு, அதே ஊரின் வாரச் சந்தைகளைப் பார்க்காமல் திரும்பிவிடுகிறோம் என்பதே என் வருத்தம். கரூரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் நான்கைந்து பேராகச் சேர்ந்து அறை எடுத்து, கொண்டுபோன குக்கரில் சோறு வைத்து, கண்காட்சி முடிந்த கையோடு சுவிட்சர்லாந்துக்கோ பாரிசுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். நான்கு நாள் மட்டுமே இருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்களுக்கோ ஒரு மாதம் கிடைத்திருக்கிறது.

முதலில் தங்குமிடத்தைத் தீர்மானியுங்கள், ஏனெனில் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். கண்காட்சி நாள்களில் ஓட்டல் வாடகை தாறுமாறாக ஏறும் என்பது உங்கள் அலுவலகத்துக்கே தெரியும். மாதக் கணக்கில் உள்வாடகைக்குக் கிடைக்கும் அறையோ, சமையலறையுடன் கூடிய சிறிய வீடோ தேடுங்கள். அதையும் கண்காட்சி வளாகத்துக்கு அருகிலோ ரயில் நிலையத்துக்கு எதிரிலோ தேடாமல், மக்கள் குடியிருக்கும் பகுதியில் தேடுங்கள். என்னைக் கேட்டால் போர்ன்ஹைம் பகுதியைச் சொல்வேன். 1877ஆம் ஆண்டில் நகரத்தோடு சேர்க்கப்படும் வரை அது தனிக் கிராமம். இன்றும் அதன் மேல்பகுதியில் பழைய கிராமத்தின் சாயல் தெரியும். பெர்கர் ஸ்ட்ராசெ என்ற நீண்ட கடைவீதி அதன் நடுவே போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, யு4 என்ற சுரங்க ரயில் போர்ன்ஹைமிலிருந்து நகர மையம், தலைமை ரயில் நிலையம் வழியாகக் கண்காட்சி வளாகத்துக்கே நேராகப் போகிறது. வண்டி மாற வேண்டியதில்லை. காலையில் வேலைக்குப் போகும் கூட்டத்தோடு நீங்களும் நின்றுகொண்டு போகலாம்.

பயணச்சீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே ரயில் நிலையங்களில் நம் மெட்ரோவில் உள்ளது போன்ற தடுப்புக் கதவுகள் இல்லை. யாரும் சீட்டைக் கேட்காமலே ஏறி இறங்கலாம். சாதாரண உடையில் வரும் பரிசோதகர் கேட்கும்போது சீட்டு இல்லையென்றால் 60 யூரோ அபராதம், வெளிநாட்டவர் என்ற சலுகையும் கிடையாது. ஒரு மாதம் இருக்கும் உங்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டே ஏற்றது. 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்குத் தொடங்கப்பட்ட அதன் விலை 2026 சனவரியிலிருந்து 63 யூரோ. நாடு முழுவதும் நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் அது செல்லும், ஐ.சி.இ. போன்ற அதிவேக ரயில்களுக்குச் செல்லாது. அது சந்தா முறையில் தானாகப் புதுப்பிக்கப்படும் சீட்டு என்பதை மறக்க வேண்டாம். அந்த மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் பிடிக்கப்படும். இந்தச் சீட்டு கையில் இருந்தால், வழிதவறி ஏறிவிட்டோமே என்ற பயம் போய்விடும். ஓய்வான ஒரு நாளில் 11ஆம் எண் டிராமில் ஏறி மேற்கே ஹோக்ஸ்ட் முதல் கிழக்கே ஃபெகன்ஹைம் வரை முழுத் தூரமும் போய்ப் பாருங்கள். தொழிற்சாலைப் பகுதி, ரயில் நிலையம், வங்கிக் கோபுரங்கள், பழைய நகரம், மீண்டும் தொழிற்சாலைப் பகுதி என்று ஊரின் குறுக்குவெட்டு முழுவதும் சன்னலுக்கு வெளியே கடந்து போகும்.

இனி சந்தைகளுக்கு வருகிறேன். போர்ன்ஹைமில் மணிக்கூண்டைச் சுற்றிப் புதனும் சனியும் சந்தை கூடும். நகர மையத்தில் கொன்ஸ்டாப்ளர்வாஹெ சதுக்கத்தில் வியாழனும் சனியும், ஷில்லர் ஸ்ட்ராசெயில் வெள்ளியும் கூடும். இவற்றுள் கொன்ஸ்டாப்ளர்வாஹெயில் கூடுவது நம் உழவர் சந்தையைப் போல விளைவித்தவர்களே நேரில் வந்து விற்கும் சந்தை. சுற்றுவட்டார விவசாயிகள் ரொட்டி, பாலாடைக்கட்டி, முட்டை, கிழங்கு, ஆப்பிள் என்று தங்கள் பொருளைத் தாங்களே கொண்டுவருகிறார்கள். சனவரிக் குளிரில் பச்சைக் காய்கள் அதிகம் இருக்காது. முட்டைக்கோசும் கேரட்டும் செலரி வேரும் உருளைக்கிழங்கில் பல வகைகளும்தான் குவிந்திருக்கும். அந்த ஊரின் பனிக்காலச் சாப்பாடு எது என்பதை ஓட்டல் அட்டையைவிட அந்தக் குவியல்கள் தெளிவாகச் சொல்லும்.

அங்கே ஆப்பிள் விற்கும் ஓர் அம்மாவிடம் நான் முதன்முறை ஒரு கிலோ கேட்டபோது, அவர் உடனே நிறுத்துத் தந்துவிடவில்லை. அப்படியே சாப்பிடவா, சுடுவதற்கா என்று கேட்டார். எனக்கு விளங்காததைக் கண்டு, போஸ்கோப் என்ற சொரசொரப்பான தோலுள்ள ஆப்பிளைச் சிறு கத்தியால் சீவி ஒரு துண்டும், அதன் பக்கத்தில் இருந்த வேறொரு வகையில் ஒரு துண்டும் கையில் வைத்தார். முதலாவது பல் கூசும் அளவுக்குப் புளிப்பு. அது கேக்குக்கும் அடுப்பில் வைத்துச் சுடுவதற்கும் என்று சைகையால் விளக்கினார். அடுத்த சனிக்கிழமை நான் போய் நின்றபோது அவர் எதுவும் கேட்காமல் இரண்டாவது வகையின் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். ஓர் ஊரில் ஒருவர் நம்மை நினைவு வைத்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை நீங்களே அனுபவித்துப் பாருங்கள். அதற்காகவே சொல்கிறேன்: நான்கு சனிக்கிழமைகளில் நான்கு சந்தைகளுக்குப் போவதைவிட, ஒரே சந்தையில் ஒரே கடைக்கு நான்கு முறை போவது மேல்.

இந்தக் காரணத்துக்காகவே ஊரிலிருந்து ஒரு மாதத்துக்கான அரிசி, பருப்பு, தொக்கு, பொடி எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போக வேண்டாம் என்பேன். வீட்டில் அம்மா கட்டிக் கொடுப்பதை மறுப்பது கடினம் என்று தெரியும். ஆனால் எல்லாம் கையில் இருந்தால் சந்தைக்குப் போக வேண்டிய தேவையே இருக்காது, தேவை இல்லாதவனுக்கு ஊரோடு பேச்சும் இருக்காது. மிளகாய்த்தூள், மல்லித்தூள், கொஞ்சம் பெருங்காயம் போதும். பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுசெல்லத் தடை இருப்பதால் நெய் டப்பா விமான நிலையத்திலேயே போய்விடும். சான்றிதழ் இல்லாத பச்சைக் கறிவேப்பிலைக்கும் அதே கதிதான். தலைமை ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆசிய மளிகைக் கடைகள் இருக்கின்றன, அரிசியும் துவரம்பருப்பும் அங்கே கிடைக்கும். அரிசிம்பருப்புச் சோறு ஆக்குவதற்கு வேறென்ன வேண்டும்? வெங்காயமும் தக்காளியும் பூண்டும் போர்ன்ஹைம் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். தாளித்து முடித்ததும் சன்னலை முழுவதுமாகத் திறந்து ஐந்து நிமிடம் காற்றோட விடுங்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் நாள்தோறும் அப்படிச் செய்வது அங்கே வீட்டுக்கு வீடு வழக்கம். அடைத்தே வைத்திருந்தால் ஈரம் கோத்துச் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வீட்டுக்காரர்களும் அதில் கண்டிப்பாக இருப்பார்கள்.

சூப்பர் மார்க்கெட்டையும் குறைவாக நினைக்க வேண்டாம். காலியான தண்ணீர் பாட்டிலையும் குளிர்பானக் குவளையையும் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்து அங்கே எடுத்துப் போவார்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகரக் குவளைக்கும் 25 செண்ட், பீர் பாட்டிலுக்கு 8 செண்ட் என்று விலையோடு சேர்த்து முன்பணம் வாங்கப்பட்டிருக்கும். சுவரில் பதித்த இயந்திரத்தின் வட்டமான வாய்க்குள் பாட்டிலை அடிப்பக்கம் முன்னே போகும்படி வைத்தால், அது உருட்டிப் பார்த்துக் கோட்டுக்குறியீட்டைப் படித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நசுங்கிய பாட்டிலைப் படிக்க முடியாமல் வெளியே தள்ளிவிடும். கடைசியில் பொத்தானை அழுத்தினால் ஒரு துண்டுச் சீட்டு வரும். அதைக் காசாளரிடம் கொடுத்தால் பில்லில் கழித்துக்கொள்வார். சனிக்கிழமை மாலையில் அந்த இயந்திரத்தின் முன் பெரிய பைகளோடு நிற்கும் வரிசையில் வங்கி அதிகாரியும் மாணவரும் வயதானவரும் ஒன்றாக நிற்பதைக் காணலாம். தெருவில் குப்பைத் தொட்டிக்கு உள்ளே போடாமல் அதன் பக்கத்தில் பாட்டிலை நிறுத்தி வைத்துப் போகிறவர்களையும் பார்ப்பீர்கள். அதை எடுத்துப் பிழைப்பவர் தொட்டிக்குள் கைவிட வேண்டியிராமல் இருக்கட்டும் என்பதற்காக அப்படி வைக்கிறார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பது 1919ஆம் ஆண்டில் வைமர் அரசியலமைப்பு என்ற அன்றைய ஜெர்மன் அரசியலமைப்பில் எழுதப்பட்டு, இன்றைய அரசியலமைப்பிலும் அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் உள்ள கடைகளும், காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடைகளும் என்று சில மட்டும் திறந்திருக்கும். நம்மவர்கள் இதை ஒரு தொல்லையாகவே பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சனிக்கிழமையே எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, ஞாயிறு காலை ரொட்டிக் கடை வரிசையில் நின்று சூடான ரொட்டி வாங்கிக்கொண்டு, மதியத்துக்கு மேல் குளிருக்கேற்ற உடையோடு நடக்கப் போவதுதான் அந்த ஊரின் ஞாயிறு. மைன் ஆற்றங்கரையில் குடும்பம் குடும்பமாக நடப்பார்கள். தெற்கே நகருக்குச் சொந்தமான பெரிய காடே இருக்கிறது. நகரைச் சுற்றியுள்ள தோட்டங்கள், வயல்கள், காடுகள் ஆகியவற்றை 1991ஆம் ஆண்டில் பசுமை வளையமாக அறிவித்துக் கட்டடங்கள் வராமல் காத்துவருகிறார்கள். அந்த வளையத்தின் பாதையில் ஏதேனும் ஒரு பகுதியை நடந்து பாருங்கள். சனவரியில் காலை எட்டே கால் மணி அளவில்தான் விடியும், மாலை ஐந்து மணி அளவிலேயே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் வெளிச்சம் இருக்கும் நேரத்தை அங்குள்ளவர்கள் வீணாக்குவதில்லை. குளிர் தாங்காத நாளில் 1871இல் திறக்கப்பட்ட பால்மன்கார்ட்டன் என்ற தாவரத் தோட்டத்தின் கண்ணாடிக் கூடங்களுக்குள் போய் உட்காருங்கள். வெளியே உறைபனி இருக்கும்போது உள்ளே வெப்ப மண்டலச் செடிகளுக்கு நடுவே பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள்.

ஞாயிறன்று வீட்டுக்குள் சுவரில் துளையிடுவது, பாட்டில்களைத் தெருவிலுள்ள கண்ணாடித் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்புவது எல்லாம் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் எந்த நாளும் அமைதி. ஊரில் உள்ளவர்களோடு போனில் உரக்கப் பேசும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். உணவுக் கழிவு பழுப்புத் தொட்டியில், பொட்டலம் கட்டி வந்த உறைகள் மஞ்சள் தொட்டியில் என்ற ஒழுங்கை முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாடிப்படியில் எதிர்ப்படுபவருக்கு வணக்கம் சொல்லாமல் போகாதீர்கள். கடைக்குள் நுழையும்போதும் முதலில் ஒரு வணக்கம், அதன் பிறகே வேண்டியதைக் கேட்க வேண்டும். அவர்கள் சிடுசிடுப்பானவர்கள் என்று நம்மவர்கள் சொல்வதில் பாதி, இந்த வணக்கத்தை நாம் விட்டுவிடுவதால் வருவது.

சாப்பாட்டைப் பற்றி அங்குள்ளவர்கள் பெருமையாகப் பேசுவது இரண்டு. ஒன்று ஆப்ஃபெல்வைன் என்ற புளித்த ஆப்பிள் மது. சாம்பல் நிறத்தில் நீலப் பூ வரைந்த, பெம்பல் என்ற மண்கூஜாவில் அதைக் கொண்டுவந்து, சாய்சதுரக் கோடுகள் வெட்டிய கண்ணாடிக் குவளையில் ஊற்றுவார்கள். சாக்சன்ஹாவ்சன் பகுதியிலும் போர்ன்ஹைமிலும் உள்ள அந்தப் பழைய கடைகளில் நீண்ட மேசைகளும் பெஞ்சுகளும்தான். தனி மேசை எதிர்பார்க்கக் கூடாது. இடம் காலியா என்று கேட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அமைதியானவர்கள் என்று பெயரெடுத்த அந்த ஊர்க்காரர்கள் அந்தப் பெஞ்சில் மட்டும் தாங்களாகவே பேச்சுக் கொடுப்பார்கள். குடிக்காதவராக இருந்தால் ஆப்பிள் சாறு கேளுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பணம் கொடுக்கும்போது டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு வராமல், அதையும் சேர்த்து எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பரிசாரகரிடம் வாயால் சொல்வதே வழக்கம். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும், சிறிய கடைகள் சிலவற்றில் இன்னும் ரொக்கம்தான்.

மற்றொன்று க்ரூனெ சோசெ என்ற பச்சைச் சட்னி. ஏழு வகைக் கீரைகளை நறுக்கிப் புளித்த பாலேட்டில் கலந்து, வேகவைத்த உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் சாப்பிடுவார்கள். அந்தக் கீரைகள் பெரும்பாலும் நகரின் ஓபர்ராட் பகுதித் தோட்டங்களில் விளைபவை. ஃபிராங்ஃபர்ட்டின் பெயரில் 2016 முதல் அதற்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் உண்டு. அதன் உண்மையான பருவம் வசந்த காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமையில்தான் தொடங்கும். சனவரியில் கிடைப்பதைச் சாப்பிட்டுவிட்டு அதன் சுவையைத் தீர்மானித்துவிட வேண்டாம். இறைச்சி சாப்பிடுபவராக இருந்தால் 1954இல் கட்டப்பட்ட கிளைன்மார்க்ட்ஹாலெ என்ற மூடிய சந்தைக்கூடத்தில், மதிய வேளையில் சூடான தொத்திறைச்சிக்கு நிற்கும் வரிசையில் நீங்களும் நில்லுங்கள்.

ஃபிராங்ஃபர்ட்டின் உள்ளூர்க்காரர் என்றால் வெள்ளைக்கார ஜெர்மானியர் மட்டும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள் அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். கிளைன்மார்க்ட்ஹாலெயில் இத்தாலியர், துருக்கியர், பாரசீகர் கடைகள் அடுத்தடுத்து இருக்கும். துருக்கிக் கடையில் ஆலிவும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போவதும் அசல் ஃபிராங்ஃபர்ட் வாழ்க்கைதான்.

எல்லோரும் படம் எடுக்கும் ரோமர்பெர்க் சதுக்கத்துக்கும் ஒரு நாள் போய்வாருங்கள்; அதைத் தவிர்ப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. 1944 மார்ச் குண்டுவீச்சில் பழைய நகரம் எரிந்து போனது. இன்று அங்கே காணும் மரச்சட்ட வீடுகளில் பெரும்பாலானவை 1980களிலும், அதன் பிறகு 2018இல் முடிந்த திட்டத்திலும் எழுப்பப்பட்டவை. அந்தத் திட்டத்தில் கட்டிய 35 கட்டடங்களில் 15 பழைய வடிவத்தின் மறுபதிப்புகள். படம் எடுத்த பிறகு குடியிருப்புத் தெருக்களின் வழியாக நடந்து திரும்புங்கள், சில வீட்டு வாசல்களின் முன் நடைபாதையில் உள்ளங்கை அளவுள்ள பித்தளைத் தகடுகள் பதிந்திருக்கும். நாஜிகளால் அந்த வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவரின் பெயரும் பிறந்த ஆண்டும் முடிவும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். குன்ட்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய பணி அது. நாட்குறிப்பால் அறியப்பட்ட யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1929இல் பிறந்ததும் இதே ஊரில்தான். அங்குள்ளவர்கள் அந்தத் தகடுகளைத் தாண்டித்தான் அன்றாடம் வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஆண்டுக்கு ஒரு முறை துணியும் மெருகும் கொண்டுவந்து குனிந்து துடைக்கிறார்கள்.

மொழியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பையரின் அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். சந்தைக்கு, கிளம்புவதற்கு முன் கிடைக்கும் இரண்டு வாரத்தில் வணக்கமும் நன்றியும் எண்களும் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று முதல் நூறு வரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இருபத்தொன்று முதல் மேலே போகும் எண்களில் ஒன்றின் இடத்தை முதலிலும் பத்தின் இடத்தைப் பின்னும் சொல்வார்கள் என்பதால், நாற்பத்தைந்து செண்டை ஐம்பத்து நான்கு என்று காதில் வாங்கிக்கொண்டு முதல் வாரம் தடுமாறுவீர்கள். விலையட்டையைப் பார்த்தபடியே விற்பவர் சொல்வதைக் கேளுங்கள். மூன்றாவது சனிக்கிழமைக்குள் அட்டையைப் பார்க்காமலே சரியான காசை எண்ணிக் கொடுத்துவிடுவீர்கள்.